ஆணி ஏழு, அணதாரி பன்னிரண்டு

சீனிச்சாமிக்கு ஒரு ஆவலாதி உண்டு. பதினோரு வருஷமாக அதை மனைவி மலையம்மாளைத் தவிர வேறு யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கும் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிற்று. ஆவலாதி இதுதான். அன்றைக்குச் சரக்கு அடுக்கும் கிட்டங்கிக்கு மேலே, மச்சில் பதினாலு பேர் கூடியிருந்தார்கள். போடி பஜாரில் பெரிய தலை என்று சொல்லத்தக்க அத்தனை பேரும் இருந்தார்கள். கண்ணாடி போட்டவன், பவுண்டன் பேனா செருகியவன், நாலு ஊர் சுற்றியவன் எல்லாம் இருந்தான். அதில் ஒருத்தனாவது, வாசற்படியில் சோடாப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற சீனிச்சாமியைத் திரும்பிப் பார்த்து, "ஒனக்குத் தெரியுமாய்யா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கிலேயே தெரிந்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

"கேக்கலேன்னா என்ன? ஒங்க வாய யாரும் தச்சா வச்சிருந்தாக?" என்பாள் மலையம்மாள்.

உடனே அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

அவருக்குச் சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போடிக்கு வந்து, சுந்தர்ராஜ் முதலாளியின் ஏலக்காய்க் கிட்டங்கியில் சல்லடை பிடித்தவர். மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் காயைப் பருமன் வாரியாகச் சலித்துப் பிரித்துப் போடுவது வேலை. மேலே மச்சில் முதலாளி குடும்பம், கிட்டங்கிக்குப் பின்னாலேயே முதலாளி கொடுத்த ஒற்றை அறையில் இவர் குடித்தனம். வாயைத் தைத்தது அந்த அறைதான் என்று அவருக்கும் தெரியும், மலையம்மாளுக்கும் தெரியும்.

அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்றால், அதற்கு அறுபத்தொன்றாம் வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் தூத்துக்குடியில் சலாபம் வைத்தார்கள். கடலில் முத்துக் குளித்துச் சிப்பியைக் கரையில் குவித்து ஏலம் விடுவதற்குத்தான் சலாபம் என்று பேர். பஜாரில் அதே பேச்சாக இருந்தது. சுந்தர்ராஜ் முதலாளிக்கும் கை அரித்தது. ஏலக்காய் பார்த்த கண்ணுக்கு முத்துப் பார்க்கத் தெரியாதா என்று கிளம்பிவிட்டார். சல்லடை பிடிக்கிற கை ஒன்று இருக்கட்டும் என்று சீனிச்சாமியையும் கூட்டிப் போனார்.

ஏலத்தில் எடுத்த சிப்பியை ஓலை அடைத்த ஒரு வளைப்புக்குள் கொட்டி அழுக விட்டார்கள். அதற்குக் கொட்டு என்று பேர். கொட்டுகிற இடம், அதனால் கொட்டு. உள்ளே போனவன் வேலை முடிகிறவரை வெளியே வரக்கூடாது. ஈ அப்பிக் கிடக்கும். நாற்றம் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அழுகிய சிப்பியைத் தொட்டித் தண்ணீரில் போட்டு அலசும்போது, இரண்டு பக்கமும் பிரம்போடு காவல்காரன் நிற்பான். கை வாய்க்குப் போகக்கூடாது, காதுக்குப் போகக்கூடாது. மூக்கு அரித்தால் சொல்ல வேண்டும், அவன் வந்து பார்த்துக்கொண்டு நிற்க, அப்புறம் சொறிந்துகொள்ளலாம். பதினெட்டு நாள் அப்படிக் கிடந்தார் சீனிச்சாமி. இன்றைக்கும் அந்த ஓலை வாசலை நினைத்தால் அவருக்கு மூக்கு அரிக்கும்.

முத்துப் பிரிக்க முதலாளி ஒருத்தரை அமர்த்தியிருந்தார். வேதமுத்து என்று பேர். அந்த ஊர்க்காரர், முதலாளியைப் போலவே சர்ச்சுக்குப் போகிற ஆள். ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்துப் பித்தளைச் சல்லடை வைத்திருந்தார். சீனிச்சாமி ஆட்டுவார், அவர் துணியை விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு முத்தாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் சொல்லிப் போடுவார். யாருக்கும் கற்றுக் கொடுக்கிற மனுஷன் இல்லை. வாய்தான் ஓயாது. பதினெட்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்தவன் காதில் விழத்தானே செய்யும்.

"பிள்ளைவாள், முத்துக்குத் தரளம்னும் சொல்லுவாக, நித்திலம்னும் சொல்லுவாகள்ல?" என்று முதலாளி ஒருநாள் தன் படிப்பைக் காட்டினார்.

"அது புஸ்தகத்துல இருக்குத முத்து. கொட்டுக்குள்ள வராது" என்றார் வேதமுத்து, தலையை நிமிர்த்தாமல். "இங்க உள்ள பேரு வேற. உருண்டை, நெறம், வெளிச்சம் மூணுலயும் கொறை சொல்ல முடியாதது ஆணி. பத்தர் பொன்னை ஒரசிப் பாக்க ஒரு ஆணி வச்சிருப்பாரு. சுத்தத் தங்கம். அதை வச்சுத்தான் மத்ததுக்கு மாத்து சொல்லணும். அந்தப் பேருதான் இதுக்கும். அதுக்கு ஒரு மயிரிழை கீழ நின்னா அணதாரி. அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சோ, கப்பல்ல எவன் கொண்டாந்தானோ. சின்னதா இருந்தாலும் லட்சணம் கெடாம இருந்தா வடிவு. எங்க பக்கம் வடிவுன்னா அழகு. மடிஞ்சு போனது மடங்கு. வளராம நின்னது குறுவல். இதெல்லாம் வேண்டாம்னு கழிச்சுப் போட்டது கழிப்பு."

"ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் முதலாளி. கேள்விப்பட்டதே கிடையாது. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வியாபாரிக்கு மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிற ஆள் அவர். பஜாரில் பாதிப் பேர் அப்படித்தான்.

"முத்துங்கிற பேரே எப்படி வந்துச்சாம்?" என்று கேட்டது சீனிச்சாமிதான்.

"முத்துனதுனால முத்து. உள்ள கெடந்து முத்தணும்லா? வெளிய எடுத்துப் பாத்துப் பாத்து வச்சா முத்துமா?" என்றார் வேதமுத்து.

முதலாளிக்குக் கிடைத்ததெல்லாம் கழிப்பும் குறுவலும்தான். ஆனால் வேதமுத்துவுக்கு ஒரு மகள் இருப்பதாகத் தெரிந்துகொண்டு வந்தார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெண்ணைத் தன் தம்பி பொன்னுராஜுக்கு முடித்தார். ஞானபாக்கியம் என்று பேர்.

அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம். நிச்சயத்தன்று பெண்ணுக்குப் போடும் நகையை ஒரு தாளில் எழுதி, சர்ச்சு உபதேசியார் எழுந்து நின்று சபை கேட்க வாசிப்பார். வாசித்த தாளும், கல்யாணம் முடிந்ததும் நகையும் மாப்பிள்ளை வீட்டு இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். வேதமுத்து தன் கைப்பட எழுதியிருந்தார். தங்கம் கொஞ்சம்தான். ஆனால் முப்பது வருஷமாகச் சேர்த்த ஒரு முத்துச் சரம் இருந்தது. அதை எழுதும்போது பெருமை தாங்காமல் தன் தொழிலின் பேரைச் சொல்லியே எழுதிவிட்டார்.

"ஆணி ஏழு. அணதாரி பன்னிரண்டு. வடிவு நாற்பது. ஆக ஐம்பத்தொன்பது உருப்படி" என்று வாசித்தார் உபதேசியார்.

போடி வியாபாரிகள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். ஆணி என்றால் என்ன, அணதாரி என்றால் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பானே. வேதமுத்துவும் அந்தத் தலையாட்டலைப் பார்த்து, இந்த ஊரிலும் முத்துத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று மனம் குளிர்ந்து போனார். ஒரு வரி பொருள் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த மனுஷன் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஞானபாக்கியம் வந்த புதிதில் எல்லாரையும் "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவாள். கடற்கரைப் பேச்சு. முற்றத்தில் காய் பொறுக்கும் பெண்கள் அவள் பேசுகிற மாதிரியே பேசிக்காட்டிச் சிரிப்பார்கள். ஒருநாள் மச்சுப் படியில் அவள் உட்கார்ந்திருக்க, சீனிச்சாமி சல்லடையை ஆட்டிக்கொண்டே, பழக்கதோஷத்தில், சல்லடைக் கண்ணில் சிக்கி நின்ற சிறுகாயைப் பார்த்து "சீ, குறுவல்" என்று சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, என்ன சொன்னிய?" என்று எழுந்தே வந்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல தாயி. ஒங்கப்பா கூடக் கொட்டுல கெடந்தப்பக் கேட்டது."

"இந்த ஊர்ல எங்க அப்பா பேச்சத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான்" என்று சொன்னாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான் என்றுகூடச் சொல்லலாம்.

பொன்னுராஜ் ஏலத்தோட்டம் பார்க்கிறேன் என்று போடிமெட்டுக்கு மேலே ஏறினவன். முதலில் வாரம் ஒருமுறை இறங்கினான், பிறகு மாசம் ஒருமுறை, பிறகு கிறிஸ்துமசுக்கு. அங்கே அவனுக்கு ஒரு மலையாளத்துப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் என்று லாரிக்காரர்கள் சொன்னார்கள். இங்கே ஞானபாக்கியத்துக்கு முத்துக்கனி என்று ஒரே மகள். வேதமுத்துவும் காலமாகிவிட்டார்.

அறுபத்தொன்பதில் முதலாளி தன் மூத்த மகளைச் சிவகாசியில் கட்டிக் கொடுத்தார். அதற்குச் சில நாள் முன்னால் சீனிச்சாமியிடம் ஒரு துணிப் பொட்டலத்தைக் கொடுத்து, தேனியில் இன்ன ஆசாரியிடம் கொடுத்துவிட்டு, அவர் தருவதை வாங்கி வரச் சொன்னார். கொடுத்தது ஒரு பொட்டலம். ஆசாரி தந்தது இரண்டு. பஸ்ஸில் உட்கார்ந்து சீனிச்சாமி இரண்டையும் விரலால் நெருடிப் பார்த்தார். முடிச்சை அவிழ்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. ஒன்று துணிக்குள்ளேயே வழுக்கி வழுக்கி ஓடியது. இன்னொன்று விரலைக் கடித்தது. அவர் கை பதினெட்டு நாள் ஆட்டிய கை. எது ஆணி, எது கழிப்பு என்று அதற்குத் தெரியும். மடியில் இரண்டையும் வைத்துக்கொண்டு போடி வருகிறவரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

கல்யாணத்தில் முதலாளி மகள் கழுத்தில் முத்துச் சரம் மினுங்கியது. எல்லாரும் நல்லா இருக்கிறது என்றார்கள். ஞானபாக்கியத்தை மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போடியிலேயே விட்டுப் போயிருந்தார்கள்.

எழுபத்தொன்றில் ஞானபாக்கியம் போதும் என்று முடிவு செய்தாள். பிறந்த வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று தூத்துக்குடியிலிருந்த அண்ணன்மாருக்கு எழுதிப் போட்டாள். அண்ணன் பதில் எழுதினான்: கொண்டுபோனதைக் கொண்டு வா, ஆண்டு அனுபவிக்க வீடு இருக்கிறது, வெறுங்கழுத்தோடு மட்டும் வந்து நிற்காதே. அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அந்தத் தெருவில் முத்துப் பார்க்கத் தெரியாத ஆள் கிடையாது. கழுத்தைப் பார்த்த உடனே கதையைப் படித்துவிடுவார்கள். வேதமுத்து மகள் அப்பன் போட்டதை விற்றுத் தின்றுவிட்டு வந்திருக்கிறாள் என்று ஊர் பேசும்.

அவள் சரத்தைக் கேட்டாள். அதற்குத்தான் மச்சில் அந்தக் கூட்டம்.

முதலாளி இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு சரத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். பார்த்த உடனே ஞானபாக்கியம், "இது என் சரம் இல்ல" என்றாள்.

"தாளு இருக்குல்ல, வாசிச்சிருவோம்" என்றார் முதலாளி.

உபதேசியார் வாசித்தார். ஆணி ஏழு. அணதாரி பன்னிரண்டு. வடிவு நாற்பது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"அது அவுக ஊருப் பேச்சு. பேரு என்னவா இருந்தா நமக்கென்ன? எண்ணிப் பாருங்க" என்றார் முதலாளி.

எண்ணினார்கள். ஐம்பத்தொன்பது இருந்தது. ஒன்றுக்கு ஒன்றாகத்தான் மாற்றியிருந்தார்.

"பேருக்குப் பொருள் நான் சொல்லுதேன்" என்று ஞானபாக்கியம் ஆரம்பித்தாள். "ஆணின்னா..."

"நீ சொன்னா அது ஒன் வாய்ச்சொல்லு தாயி" என்று ஒரு பெரிய தலை கையமர்த்தியது. "வேற யாராச்சும் சொல்லணும். இங்கன யாருக்கும் தெரியலையே."

அப்போது அவள் வாசற்படியைப் பார்த்தாள். பேர் சொல்லவில்லை, கையைக் காட்டவில்லை, சும்மா பார்த்தாள். சீனிச்சாமி சோடாப் பெட்டியைப் பார்த்தார். பெட்டியில் பன்னிரண்டு சோடா இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவள் பார்வையைத் திருப்பியிருந்தாள்.

"ஏலே சீனி, சோடாவ ஒடச்சுக் குடு" என்றார் முதலாளி.

உடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. எங்கே போவாள்? முதலாளி வீட்டில் யாரும் அவளை அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. மச்சறை, படி, முற்றம், ஞாயிற்றுக்கிழமை சர்ச். அவ்வளவுதான். சர்ச்சுக்குப் போகவும் முதலாளி மனைவி கூட வருவாள். ஒரு மாசம் கழித்து, சும்மா உட்கார்ந்திருக்கிறவள் காய் பொறுக்கட்டுமே என்று முற்றத்துக்கு இறக்கிவிட்டார்கள். நாற்பது பெண்களோடு சாக்கை விரித்து உட்கார்ந்தாள். எதிரில் பத்தடி தூரத்தில் சீனிச்சாமி சல்லடையோடு. இரண்டு வருஷம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் சலித்ததை அவள் பொறுக்குவாள், தூசி இரண்டு பேர் மூக்கிலும் ஏறும். அவளுக்கு நெஞ்சில் இழுப்பு வந்தது அந்தத் தூசியில்தான்.

பேசாவிட்டாலும் அவள் வாய் சும்மா இல்லை. அதுவரை பெண்கள் முதல் ரகம், ரெண்டாம் ரகம், பொடி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் பச்சை மாறாமல், மூன்று மூலையும் தெறிக்க விளைந்த காயை எடுத்து "ஆணி" என்று ஒரு பக்கம் போடுவாள். அதற்கடுத்தது அணதாரி. சின்னதாக, லட்சணமாக இருந்தால் வடிவு. சுருங்கினது மடங்கு, வளராதது குறுவல், வாய் பிளந்தது கழிப்பு. வேதமுத்து போட்ட மாதிரியே, பேரைச் சொல்லிச் சொல்லிப் போடுவாள்.

முதலில் கேலிதான்.

"இந்தாத்தா ஒரு ஆணி, எங்க அடிக்க?" என்பாள் பவுனு. அந்த முற்றத்தில் வாய்க்குப் பேர்போனவள் அவள்.

"ஒன் நாக்குல அடி" என்பாள் ஞானபாக்கியம்.

சிரிப்பார்கள். சிரித்துச் சிரித்தே வாயில் ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷத்துக்குள் நாற்பது பேரும் அப்படியே பேசினார்கள். முற்றத்திலிருந்து தெருக்குழாய்க்குப் போயிற்று. ஒருத்தி மருமகளை "ஆணியாட்டம் வந்து வாச்சிருக்கா" என்றால் இன்னொருத்தி தன் புருஷனை "எனக்குன்னு வந்த கழிப்பு" என்றாள். பக்கத்துக் கிட்டங்கிகளுக்கும் பரவியது. கம்பத்திலிருந்து சரக்கெடுக்க வந்த வியாபாரி ஒருத்தர், "அந்த ஆணிக் காயே போடுங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்ட உடனே முதலாளிக்கு வியாபார மூளை ஓடியது. தகரத்தில் எழுத்து வெட்டி, முதல் தர மூட்டை மேலெல்லாம் கறுப்பு மையில் "ஆணி" என்று மார்க்குப் போடச் சொன்னார். எழுத்து வெட்டின தகரத்தைப் பிடித்து மை தடவினது சீனிச்சாமிதான். அந்தப் பேர் யாருடையது, எந்தத் தாளில் இருக்கிறது என்பதெல்லாம் முதலாளிக்கு மறந்தே போயிருந்தது.

சீனிச்சாமிக்கே வெகு நாள் விளங்கவில்லை. ஒருநாள் உபதேசியார் கிட்டங்கிக்கு வந்து, வீட்டில் பாயசம் என்று, "அம்பது கிராம் ஆணி குடுங்க. போன தடவ மாதிரி குறுவலக் கலந்துறாதீக" என்றார். எந்த மனுஷன் மச்சில் தாளை வாசித்துவிட்டுப் பொருள் தெரியாமல் விழித்தாரோ, அதே மனுஷன். சீனிச்சாமிக்குச் சுரீர் என்றது. திரும்பி ஞானபாக்கியத்தைப் பார்த்தார். அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் சாக்கை உதறும்போது கேட்டார். "நெனச்சுத்தான் செஞ்சியா தாயி?"

"காய்க்கு ஒரு பேரு வேணும்லா அண்ணாச்சி" என்றாள். பிறகு, "அன்னைக்கு ஒங்க பேர நான் சொல்லல. சொல்லியிருந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்பிய. அதக் கேக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

அவருக்குச் சாக்கை உதறுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. பதினோரு வருஷ ஆவலாதியில், அவரே யாருக்காவது பதில் சொல்ல வேண்டியிருந்தது அந்த ஒருநாள்தான். சாக்கை மடித்து வைத்துவிட்டுப் போனார்.

எண்பத்திரண்டில் முத்துக்கனிக்குப் பதினெட்டு வயது. முதலாளி அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்தார். கம்பத்துக்காரர்கள், இவரிடம் சரக்கெடுக்கிறவர்கள். மாப்பிள்ளைக்கு நாற்பது வயது, மனைவியை இழந்தவன், குமுளிக்கு மேலே தோட்டத்தில் இருக்கிறான். ஞானபாக்கியம் முடியாது என்றாள். உன் புருஷன் சம்மதக் கடுதாசி கொடுத்துவிட்டான் என்றார் முதலாளி. மலைமேல் ஏறினவன் கதி என்னவென்று அந்த வீட்டில் அவளைவிட யாருக்குத் தெரியும்? மகள் அழுது அழுது கண் வீங்கிக் கிடந்தாள். ஞானபாக்கியம் மட்டும் அழவில்லை. கம்பத்துக்காரர்கள், பெண்ணின் தாயார் நகை என்னென்ன என்று தாளில் வாசித்துக் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைத்தான் அவள் திரும்பத் திரும்ப விசாரித்துக்கொண்டிருந்தாள். "பழைய தாளத்தானே வாசிப்பாவ?"

அதே மச்சு. இந்தத் தடவை முற்றத்துப் பெண்களும் படியெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். உபதேசியாருக்குத் தலை நரைத்திருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். தட்டில் சரம் கிடந்தது.

"ஆணி ஏழு..." என்று வாசித்தார். நிறுத்தினார். தாளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

அந்த மச்சில் ஒருத்தருக்கும் இப்போது பொருள் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"உபதேசியாரய்யா!" என்று படியிலிருந்து பவுனு குரல் கொடுத்தாள். "ஆணின்னு வாசிக்கிறீக, தட்டுல கெடக்கது பூராம் கழிப்புல்ல!"

"எவ அவ? கீழ எறங்குடி!" என்று முதலாளி எழுந்தார். "அது வேற, இது வேற. அது அவுக ஊருப் பேச்சு."

கம்பத்துப் பெரியவர் ஒருத்தர் மெதுவாகச் சொன்னார். "என்ன வேற? ஒங்க மூட்டையில ஆணின்னு மார்க்குப் போட்டுத்தான எட்டு வருஷமா எங்களுக்கு விக்கிறீக? அதுக்கு மட்டும் ஒசந்ததுன்னு அர்த்தமாக்கும்?"

முதலாளி வாயைத் திறந்தார். "காயி வேற, முத்து வேற. அந்தக் காலத்துல இப்பிடித்தான் இருந்துச்சு சரம். எண்ணிப் பாருங்க, ஐம்பத்தொம்பது..."

வாசற்படியில் சீனிச்சாமி நின்றார். கையில் சோடாப் பெட்டி. ஒருத்தரும் அவரைக் கேட்கவில்லை. ஞானபாக்கியமும் இந்தத் தடவை அவர் பக்கம் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பாட்டில்கள் கலகலத்ததில் எல்லாரும் திரும்பினார்கள்.

"எண்ண வேணாம்" என்றார். "அறுவத்தொம்போதுல இந்தச் சரத்தத் தேனிக்குக் கொண்டுபோனவன் நாந்தான். போகயில ஒரு பொட்டலம், வரயில ரெண்டு. ஆணியும் அணதாரியும் சிவகாசிக்குப் போச்சு. கொட்டுல இவுக அப்பா பக்கத்துல ஒக்காந்து சல்லட ஆட்டுனவன் நான். எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

குனிந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

கம்பத்துக்காரர்கள் காபி குடிக்காமல் எழுந்து போனார்கள். பஜார் பேச்சு தாங்காமல் முதலாளி சொல்லியனுப்ப, பத்து நாள் கழித்து, சிவகாசியிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னில் சரம் வந்தது. ஞானபாக்கியம் முற்றத்தில் சாக்கின் மேல் கொட்டி, பேர் சொல்லிச் சொல்லிப் பிரித்தாள். வடிவில் ஐந்து குறைந்தது. ஆணி ஏழும் இருந்தது.

இனி அவள் ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் மலையம்மாள்கூடச் சொன்னாள். முதலாளி விடவில்லை. மகளையும் சரத்தையும் அனுப்பிக்கொள், நீ இங்கன இரு. இரண்டு பேரும் போனால் பஜாரில் நான் தலை நிமிர முடியாது, அப்புறம் பொன்னுராஜை இறக்கி மகளையும் போகவிடாமல் செய்வேன் என்றார். அவள் ஒரு ராத்திரி யோசித்தாள். சரி என்றாள்.

சீனிச்சாமியையும் அவர் துரத்தவில்லை. துரத்தினால் அவர் சொன்னது மெய் என்று ஆகிவிடும் அல்லவா? சல்லடையைப் பிடுங்கிக்கொண்டு, கிட்டங்கி வாசலில் ஒரு முக்காலியும் தடியும் கொடுத்து உட்கார வைத்தார். காவல். வருகிறவன் போகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஞானபாக்கியம் வெளியே போனால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். உட்கார்ந்த முதல் நாளே அவருக்கு மூக்கு அரித்தது.

ஞானபாக்கியம் அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாள். இழுப்பு முற்றி, எண்பத்துநாலு கார்த்திகையில் போய்ச் சேர்ந்தாள். அந்த இரண்டு வருஷத்தில் அவரிடம் அவள் எதுவும் கேட்டதில்லை. கடைசியாகக் கேட்டது, மகளைப் பஸ் ஏற்றி அனுப்பிய அன்று காலையில்தான்.

காலை ஆறரைக்கு மதுரை வண்டி. முத்துக்கனி கழுத்தில் சரம் இருந்தது. மேலே முந்தானையைப் போர்த்தியிருந்தாள். துணைக்குப் பவுனு போனாள். ஞானபாக்கியம் கிட்டங்கி வாசல்வரை வந்து நின்றாள், அதற்குமேல் வரக்கூடாது என்று உத்தரவு. மகள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பஜார் முக்கில் மறைந்தாள். பஸ் ஹாரன் கேட்டது. அதற்குப் பிறகும் அவள் நகரவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டா?"

சீனிச்சாமி முக்காலியை விட்டு எழுந்து நின்றார். "கேளு தாயி."

"எங்க அண்ணன்மாரு வீட்டுல அவளச் சேத்துக்கிடுவாவ. கழுத்தப் பாத்தா ஒண்ணும் கேக்க மாட்டாவ." மூச்சு வாங்கியது. தூணைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா என்னைக்காவது எனக்கு ஒடம்புக்கு முடியலன்னு இவிய கடுதாசி போடுவாவ. செத்துட்டேன்னும் தந்தி அடிப்பாவ. அழுதுட்டு ஓடி வருவா. இந்த வாசல்ல வந்து நிப்பா. எங்க அம்மா மொகத்த ஒரு தடவ பாத்துட்டுப் போயிருதேன்னு கெஞ்சுவா. கால்லகூட விழுவா. நீங்க உள்ள விடக்கூடாது, வந்தா என்னைய மாதிரி அவளையும் இவிய திரும்பப் போக விட மாட்டாவ. ஒரு எட்டுக்கூட உள்ள வைக்க விடாதிய. கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, அடுத்த பஸ்ஸுல ஏத்திவிட்டுருங்க. செய்வியளா அண்ணாச்சி?"